கூண்டு ஏறும்போது வானம் வெளுத்துத்தான் இருக்கும்

ஒரு கார்த்திகை மாதக் காலை. பாம்பன் துறைமுக அலுவலகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. வடகடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வேனை நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் பெரியவர் என்னிடம், "அதென்னங்கம்மா, கம்பத்துல கருப்பா தொங்குதுங்க?" என்று கேட்டார்.

"புயல் கூண்டுங்கய்யா" என்றேன்.

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "இந்த வெயில்லயாங்க?" என்றார்.

அன்றைக்கு இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் பாம்பனில் பிறந்தவள். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வத்தைப் படகு இருந்தது. அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பிறகு நான் படித்து, இதே ராமேஸ்வரம் தீவில் முப்பது வருடங்களுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றேன். புயலைப் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன், கூரைக்கு அடியில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கூண்டு. சட்டம் கட்டிச் செய்த கறுப்புக் கூம்புகளும் உருளைகளும்தான் அவை. தூரத்திலிருந்து பார்த்தால் கோழிக்கூண்டைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும். அதனால்தான் நம் ஊரில் அதற்குக் கூண்டு என்று பெயர் விழுந்திருக்க வேண்டும். கூம்பு எப்படித் திரும்பியிருக்கிறது, உருளை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வைத்து எண்ணைப் படிப்பார்கள். இரவில் கூண்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன்பே, கடலில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து சேதி சொல்ல ஏற்பட்ட மொழி இது. 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று சூறையாடியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம். இன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் புயல் எச்சரிக்கை மையம் சொல்கிற எண்ணைத்தான் பாம்பனில் ஏற்றுகிறார்கள்.

எண்கள் 1 முதல் 11 வரை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். காய்ச்சலை அளக்கிற மாதிரி, எண் கூடக் கூடப் புயல் பெரிது என்று நினைக்கிறார்கள். "போன தடவை 5 ஏத்துனாக, இந்தத் தடவை 7, அப்ப பெருசு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது பாதிதான் சரி.

1-ம் 2-ம் தூரத்துச் சேதி. ஆழ்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்றால் 1. அது புயலாகிவிட்டது என்றால் 2. துறைமுகத்துக்கு அப்போதைக்கு ஆபத்தில்லை. அங்கிருந்து கிளம்புகிற கப்பல்தான் யோசிக்க வேண்டும். 3-ம் 4-ம் உள்ளூர்ச் சேதி. துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்பது 3. புயலால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல் இருக்கிறது, ஆனால் கடைசிக்கட்ட ஏற்பாடுகள் தேவைப்படும் அளவுக்கு ஆபத்து இன்னும் நெருங்கவில்லை என்பது 4.

5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. வேறுபாடு புயல் போகிற தடத்தில் இருக்கிறது. துறைமுகம் தனக்கு இடப்பக்கம் இருக்கும்படி புயல் கடந்தால் 5, வலப்பக்கம் இருக்கும்படி கடந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடந்தால் 7. தீவிரப் புயலாக இருந்தால் இதே மூன்றும் 8, 9, 10 ஆகிவிடும். ஆக 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்பதுதான்.

தரையில் இருப்பவர்களுக்கு இது நுணுக்கமான விஷயமாகத் தெரியலாம். தீவில் இருப்பவர்களுக்கு இதுதான் எல்லாமே. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கு நோக்கி வருகிற புயல் எங்கள் தீவுக்குத் தெற்கே போனால் எங்களுக்குக் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று. அப்போது பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் எழும்பி ஊருக்குள் வரும். அதே புயல் வடக்கே போனால் மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் எழும்பும். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒன்று அமைதியானது, மற்றது முரட்டுத்தனமானது என்று அர்த்தம். வாடைக்காலத்துப் புயல் இந்தப் பெயர்களை மதிப்பதில்லை. தலைக்கு மேலேயே புயல் கடந்தால் இரண்டு கடலும் முறைவைத்து அடிக்கும்.

1964-ல் அப்படித்தான் கடந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. டிசம்பர் 22, மார்கழி பிறந்து ஒரு வாரம். இரண்டு நாளாகவே வாடைக்காற்று இருந்ததால் அப்பா கடலுக்குப் போகவில்லை. மாலையில் காற்று கூடியதும் பனையோலைக் கூரையின் மேல் ஏறி, தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இழுத்துக் கட்டினார். கயிற்றின் இரண்டு முனையிலும் கல் வேண்டும். ஒரு முனையில் வத்தையின் நங்கூரக்கல். மறுமுனைக்குக் கல் கிடைக்காமல், அம்மா அரைத்துக்கொண்டிருந்த அம்மியைத் தூக்கிப் போனார். அரைத்த மிளகாய் அம்மியில் ஒட்டியபடியே கூரை ஓரத்தில் தொங்கியதைப் பார்த்தது நினைவிருக்கிறது. மழையில் அந்தச் சிவப்பு கரைந்து சுவரில் கோடாக இறங்கியது. இருட்டியபின் எங்களை எல்லாம் ஒரு கல்கட்டடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்பத்தா மட்டும் வரமாட்டேன் என்றது. அப்பா தோளில் போட்டுத் தூக்கிவந்தார்.

அத்தை தனுஷ்கோடியில் இருந்தது. மாமா அங்கே கப்பல் துறையில் சுமை இறக்குபவர். சென்னையிலிருந்து போட் மெயில் வரும். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். ரயில் நிலையம், சுங்கம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர் அது. அத்தையின் மூத்த மகன் மட்டும் அன்று பாம்பனில் எங்கள் வீட்டில் இருந்தான். காற்று கூடுகிறது, வந்துவிடுங்கள் என்று அன்று பகலில் அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். "மார்கழிக் காத்துதானே, விடிஞ்சதும் வாரோம்" என்று மாமா பதில் சொல்லியனுப்பினார்.

தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17-ல் பிறந்த தாழ்வு மண்டலம் அது. 19-க்குள் பெரும்புயலாகி, இலங்கையில் வவுனியாவைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை மதிப்பிடப்பட்டது. 22-ம் தேதி நள்ளிரவில் அது தனுஷ்கோடியைத் தொட்டபோது கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. இரண்டு மாடி உயரத்துத் தண்ணீர். பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது. இலங்கையிலும் இங்கேயும் சேர்த்து 1,800 பேர் வரை இறந்தார்கள். அத்தையும் மாமாவும் சின்னக் குழந்தைகள் இரண்டும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

காலையில் அப்பா என்னைத் தோளில் வைத்துக் கரைக்குப் போனார். பாம்பன் பாலத்தின் தூண்கள் வரிசையாக நின்றன. மேலே பாலம் இல்லை. 145 கண்களில் 126 கண்களின் இரும்புச் சட்டங்கள் கடலுக்குள் போயிருந்தன. கப்பல் போகத் திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்த பொறியாளர் ஸ்ரீதரன் அப்போது இளம் அதிகாரி. விழுந்த சட்டங்களைக் கடலடியிலிருந்தே மீட்டெடுத்து, 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார். தனுஷ்கோடியை அப்படி நிறுத்த முடியவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

11-ம் எண் கூண்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது புயலைப் பற்றிய சேதியே கிடையாது. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போய்விட்டது, இனி மேலேயிருந்து சேதி வராது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். வகுப்பில் இந்த எண்ணுக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கூண்டில் என்ன எண் இருந்தால் என்ன, எங்கள் தெருவுக்கும் அத்தை வீட்டுக்கும் அன்று இருந்த நிலை 11-தான். எங்கள் தெருவிலேயே ரேடியோ இருந்த வீடு ஒன்றே ஒன்று.

இன்றைக்கு நிலைமை அப்படியில்லை. வானத்திலிருந்து இன்சாட் செயற்கைக்கோள்கள் கால் மணி நேரத்துக்கு ஒரு படம் அனுப்புகின்றன. புயல் வரும் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே ஒரு முன்னறிவிப்பு வருகிறது. 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பு அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. கடைசி 12 மணி நேரத்தில், கரையைக் கடந்தபின் உள்நாட்டில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். மேலே செல்லச் செல்ல நிறம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும்.

ஊருக்குள் இது எப்படி இறங்குகிறது தெரியுமா? முதல் அடையாளம் டோக்கன். விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் தர வேண்டும். "இன்னைக்கு டோக்கன் இல்லையாம்" என்ற சொல் ஜெட்டியிலிருந்து கிளம்பினால், கூண்டைப் பார்க்காதவர்களும் புரிந்துகொள்வார்கள். அடுத்தது படகு இடம் மாற்றுவது. வாடை முரண்டு பிடித்தால் வடகடலில் நங்கூரமிட்ட படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். அதனால் பாம்பன் கால்வாய் வழியாகத் தென்பக்கம் கொண்டுபோய், குந்துகால் பக்கம் குருசடைத் தீவின் மறைவில் கட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கிக் கட்டிய படகை வைத்திருப்பவனுக்கு அந்த 48 மணி நேரம் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு பள்ளிவாசல், கோயில், மாதா கோயில் ஒலிபெருக்கிகள். 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 90.4 அலைவரிசையில் கடல் ஓசை என்ற சமூக வானொலி இருக்கிறது. எங்கள் பேச்சிலேயே காற்றையும் அலையையும் சொல்கிறது.

இவ்வளவு இருந்தும் தீவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கதவு முதலில் சாத்திக்கொள்ளும்.

பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி, ரயில் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. இந்த எண்ணைப் புயல் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் அது புயல். அப்போதுதான் அதற்குப் பெயரே வைப்பார்கள். அதாவது பெயர் சூட்டும் முன்பே எங்கள் பாலம் அடைபட்டுவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்திலும் காற்றுக்கு இப்படி ஒரு வரம்பு உண்டு. 1988 முதல் இருக்கும் சாலைப் பாலத்திலும் காற்று மிஞ்சினால் போலீஸ் வண்டிகளை மறிக்கும். ஆக அக்கரையில் இருக்கும் மண்டபத்துக்குப் போக வேண்டிய கர்ப்பிணியும், டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் போகிற பெரியவரும் காற்று எழும் முன்பே கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும்? வெளுத்துத்தான் இருக்கும். கோயம்புத்தூர்ப் பெரியவர் பார்த்த அதே வெயில்தான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது என் தெருவில் ஒரு வீடு கிளம்ப மறுத்தது. கடல் ஓரத்துத் தகரக் கூரை வீடு. வீட்டுக்காரன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். வி.ஏ.ஓ. வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் போனேன்.

"டீச்சர், கஜாவுக்கும் இப்படித்தான் சொன்னாக. இங்கிட்டு என்ன வந்துச்சு? நாகப்பட்டினம் பக்கம் போயிருச்சு. பொட்டி சட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயி, ரெண்டு நா கழிச்சுத் திரும்பி வந்தோம்" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையேறியது. அவனிடம் நான் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை நம் தீவின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு நாள் முன்னதாகப் புயலின் மையம் எங்கே இருக்கும் என்று கணிப்பதில், இன்றைய கருவிகளை எல்லாம் வைத்தும், சராசரியாக 70, 80 கிலோமீட்டர் முன்பின் ஆகும். இது நல்ல கணிப்பு. இருபது வருடத்துக்கு முன் இதைவிட அதிகமாகப் பிசகியது. ஆனாலும் அந்தப் பிசகுக்குள் நம் தீவு இரண்டு முறை அடங்கிவிடும். நம்மை நோக்கி வருவதாகச் சொல்கிற புயல்களில் சில நம்மை விட்டு விலகித்தான் போகும். விலகிய புயலுக்காக வீட்டைவிட்டுப் போனது வீண் அலைச்சல் ஆகாது. வராத புயலுக்கும் சேர்த்துக் கிளம்புகிறவன்தான் வருகிற புயலில் தப்புவான். எது வரும், எது விலகும் என்று காற்று எழும் முன்பே பிரித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

அவன் பேசவில்லை. பிறகு, "ரேடியோவுல இலங்கையில கரையக் கடந்துருச்சுன்னு சொல்லிட்டாகளே டீச்சர்" என்றான்.

இந்த வாக்கியம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கரையைக் கடந்தது என்றால் மற்ற ஊர்களுக்குப் புயல் முடிந்தது. எங்களுக்கு அப்படியில்லை. 1964-ல் வந்ததும் இலங்கையில் கரையைக் கடந்த புயல்தான். புரெவியும் டிசம்பர் 2 இரவு திருகோணமலைப் பக்கம் கடந்து, வட இலங்கையின் சமவெளியைத் தாண்டி மறுபடி கடலில் இறங்கியது. நடுவில் அதை உடைக்கப் பெரிய மலை கிடையாது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீட்டர்தான். "இலங்கையில் கடந்தது" என்று கேட்டால் ராமேஸ்வரத்துக்காரன் பெட்டியைக் கட்ட வேண்டும், அவிழ்க்கக் கூடாது.

அவன் குடும்பத்தோடு வந்தான். எங்கள் பள்ளிக் கட்டடத்தில்தான் தங்கினார்கள். புரெவி வலுவிழந்து, கரையேறாமல் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரமாகவே மணிக்கணக்கில் நின்றது. எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் புயல் இங்கே நிற்க, டிசம்பர் 4 காலை வரையிலான மழைக் கணக்கில் எங்கோ வடக்கே இருக்கும் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டர். மையம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மழையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. புயல் எதுவும் இல்லை, மேலடுக்குச் சுழற்சிதான். தெருவில் இடுப்பளவு தண்ணீர். "கூண்டே ஏத்தலையே" என்று அன்று பலர் கேட்டார்கள். கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் காற்றைச் சொல்வது. மழைக்கு வண்ண அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதற்கு அதி கனமழை என்று பெயர். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் சிவப்பு எச்சரிக்கை என்றதும் பள்ளி விடுமுறையா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரியவர்களும் அதோடு நிறுத்திவிடுகிறோம். ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மச்சில் வைக்கலாம், கைபேசியில் சார்ஜ் ஏற்றலாம், குடிக்கத் தண்ணீர் பிடித்துவைக்கலாம். அரை மணி நேர வேலை.

கரையில் இருப்பவர்களுக்காவது இதையெல்லாம் சொல்லலாம். கடலுக்குள் போய்விட்டவர்களுக்கு? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தாழ்வு மண்டலமாக உருவாகி ஒரே நாளில் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. கரையில் எல்லாருக்கும் தெரிந்த சேதி, தெரிய வேண்டியவனுக்குப் போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து வீடுகளில் நடந்த அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, 1964-ன் 11-ம் எண் கூண்டுதான் எனக்குக் கண்ணில் வந்தது. அதன் பிறகு 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை ஆழ்கடலிலும் வாங்கிக் கைபேசித் திரையில் காட்டும். ஆனால் அது சேதியை வாங்க மட்டும் செய்யும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லும் வசதி உள்ள கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருக்க வேண்டும். இதை மானியம் என்று பார்க்கக் கூடாது. உயிர்க் கணக்காகப் பார்க்க வேண்டும்.

இப்போது சேதி கிடைக்காத துன்பம் போய், கண்ட சேதியும் கிடைக்கிற துன்பம் வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது "பாம்பனில் கடல் உள்வாங்கியது, சுனாமி வருகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஓடும். கரையிலிருந்து தண்ணீர் விலகிப் படகுகள் தரைதட்டிக் கிடக்கும் படமும் கூடவே வரும். படம் உண்மையாகத்தான் இருக்கும். காற்று ஒரு பக்கமாகப் பலமாக வீசினால், அது தள்ளிக்கொண்டு போகிற தண்ணீர் ஒரு கரையில் ஏறும், மறுகரையில் வற்றும். தீவில் இரண்டு கரையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இது பளிச்சென்று தெரிகிறது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் வற்றிய இடத்தில் சங்கு பொறுக்கப் பிள்ளைகளை விடவும் வேண்டாம். காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும்.

காற்று திரும்புவதைப் பற்றி அப்பா சொல்வது ஒன்று உண்டு. பெரும்புயலின் நடுவே கண் என்று ஒரு பகுதி இருக்கும். அது தலைக்கு மேல் வரும்போது பேய்க்காற்று பட்டென்று நின்றுவிடும். சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். முடிந்தது என்று ஆட்கள் வெளியே வருவார்கள். கூரையைப் பார்க்க, ஆட்டைத் தேட, படகைக் கட்ட. கண் நகர்ந்ததும் அதே காற்று நேரெதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். "காத்து குறைஞ்சு குறைஞ்சு நின்னா போயிருச்சுன்னு அர்த்தம். பட்டுன்னு நின்னா வாசப்படி தாண்டாத" என்பார் அப்பா. படிக்காத மனிதர் அவர். நான் புத்தகத்தில் படித்து நடத்தியதும் இதேதான்.

தனுஷ்கோடிக்கு இப்போது நல்ல தார்ச்சாலை இருக்கிறது. 2017-ல் திறந்தார்கள். அரிச்சல்முனை வரை வண்டியிலேயே போகலாம். இரண்டு பக்கமும் கடல். நடுவில் சாலையின் அகலத்துக்கு மேல் சில முழம் மணல். காற்று கூடிவிட்டால் போலீஸ் அந்த வழியில் வண்டிகளை விடாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று கெஞ்சுகிறவர்களை ஒவ்வொரு வாடைக்காலத்திலும் பார்க்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ராமேஸ்வரம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன் பாம்பனில் என்ன எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாச் செய்தித்தாளிலும் போடுகிறார்கள். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வந்துவிட்டீர்கள் என்றால் வெயிலைப் பார்த்து இன்னொரு நாள் தங்காமல் அன்றைக்கே பாலத்தைத் தாண்டிவிடுங்கள். நீங்கள் காலி செய்கிற பஸ் இருக்கையில் எங்கள் ஊர்க் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்து மண்டபம் போய்ச் சேருவாள்.